சமூகமாகச் சுற்றுச்சூழல் சுமையைக் குறைத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

குடியிருப்பு வளாகம், கல்லூரி, ஊராட்சி, நகரம், நாடு என எந்த அளவில் எடுத்துக்கொண்டாலும், கூட்டாக முடிவெடுத்துப் பொதுப் பணத்தைச் செலவிடும் மக்கள் தொகுதியையே இக்கட்டுரை சமூகம் என்று குறிப்பிடுகிறது. அத்தகைய சமூகத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர், பெரும்பாலும் கண்ணில் முதலில் படும் வேலையிலிருந்தே தொடங்கிவிடுகிறார். ஒரு விழிப்புணர்வு ஊர்வலம் நடக்கிறது, சில மரக்கன்றுகள் நடப்படுகின்றன, துணிப்பைகள் வழங்கப்படுகின்றன. இவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் இருக்கும் ஆர்வமும் பணமும் இவற்றோடு தீர்ந்துபோய், பெரிய செலவினங்கள் அப்படியே தொடர்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

இக்கட்டுரை இரண்டு நிலைப்பாடுகளிலிருந்து எழுதப்படுகிறது. அளந்து பார்த்து, எது பெரிதோ அதை முதலில் தொட வேண்டும் என்பது ஒன்று. ஆட்களைத் திருத்த முயல்வதைவிட ஏற்பாடுகளைத் திருத்த வேண்டும் என்பது மற்றொன்று. ஒவ்வொருவரிடமும் நாள்தோறும் அக்கறையை எதிர்பார்க்கும் திட்டம் சில மாதங்களில் சோர்ந்துவிடும். அக்கறையே இல்லாதவரும் தம்மையறியாமல் குறைவாகச் செலவிடும்படி அமைந்த திட்டம் நிலைக்கும். 1987-ஆம் ஆண்டில் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை, ஓசோன் படலத்தைச் சிதைத்த குளோரோஃபுளோரோகார்பன்களைப் படிப்படியாக உலகெங்கும் நிறுத்தியபோது, எந்தக் குடும்பமும் குளிர்பதனப் பெட்டியின் வேதியியலைக் கற்க வேண்டியிருக்கவில்லை. சாலை வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2021-ஆம் ஆண்டில் உலகில் கடைசியாக முடிவுக்கு வந்ததும், நாடுகள் ஒவ்வொன்றாக விதியை மாற்றியதால்தான்.

முதற்படி: ஓராண்டுக் கணக்கு

வேலை தொடங்கும் முன் கடந்த 12 மாதங்களின் மின்கட்டணப் பட்டியல்கள், எரிபொருள் ரசீதுகள், தண்ணீர் மீட்டர் அளவுகள் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். ஒரு மாதக் கணக்கு போதாது. கோடையும் குளிரும் விடுமுறையும் அதைத் திரித்துவிடும். திரட்டியவற்றைப் பொதுவான ஓர் அலகுக்கு மாற்றினால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும், ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோவும் வெளியாகின்றன. எரிபொருளின் எடையைவிடப் புகையின் எடை கூடுதலாக இருப்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் கார்பனோடு சேர்வதே அதற்குக் காரணம். மின்சாரத்தின் கணக்கு அது எப்படி உற்பத்தியாகிறது என்பதைப் பொறுத்தது. ஐ.நா.வின் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளிடைக் குழு 2014-இல் தொகுத்த இடைநிலை மதிப்புகளின்படி, முழு ஆயுட்காலத்தையும் சேர்த்து, நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு 820 கிராம், கூரைச் சூரிய மின்சாரம் 41 கிராம், காற்றாலை மின்சாரம் 11 முதல் 12 கிராம் என்ற அளவில் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகின்றன. உங்கள் மின்தொகுப்புக்கான சராசரி மதிப்பை மின்துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 200 வீடுகள் உள்ள ஒரு வளாகத்தில் ஒவ்வொரு வீடும் மாதம் 150 யூனிட் மின்சாரம் பயன்படுத்தினால், ஆண்டுக்கு 3,60,000 யூனிட் ஆகிறது, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால் 252 டன் கார்பன் டை ஆக்சைடு. அதே வளாகத்தில் 100 கார்கள் மாதம் 40 லிட்டர் பெட்ரோல் எரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 டன். வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ பிளாஸ்டிக் குப்பை என்றால் ஆண்டுக்கு மொத்தம் 2.4 டன் பிளாஸ்டிக். அதை உற்பத்தி செய்ததால் விளைந்த உமிழ்வு பத்து டன்னைத் தொடுவதே அரிது. காலநிலைக் கணக்கில் பிளாஸ்டிக் சிறியது என்பதால் அதை விட்டுவிடலாம் என்பதல்ல இதன் பொருள். வடிகாலை அடைப்பதும், விலங்குகளின் வயிற்றில் சேர்வதும், நுண்துகளாக நீரில் கலப்பதும் டன் கணக்கில் வராத வேறு வகைத் தீங்குகள். எனவே கணக்கேட்டில் உமிழ்வு, நீர், குப்பை, உள்ளூர்க் காற்று ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்கப் பார்த்தால் ஏதோ ஒன்று மறைந்துபோகும்.

குப்பையை ஊகித்து எழுதக் கூடாது, எடை போட வேண்டும். தொடர்ந்து ஏழு நாள்கள், சேகரித்த குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, சமையலறைக் கழிவு, இலைதழை, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், எஞ்சியவை எனப் பிரித்துத் தராசில் நிறுத்துக் குறித்தால் போதும். இந்த வேலைக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். பிரிப்பவர்களுக்கு உரிய கூலியும் தர வேண்டும். சேவை என்ற பெயரில் தூய்மைப் பணியாளர்களின் தலையில் இதைக் கட்டுவது முறையல்ல.

இரண்டாம் படி: இலக்கும் பொறுப்பும்

இதைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம். கணக்கில் பெரிதாகத் தெரியும் மூன்று இனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு, ஒரு காலவரையறை, பெயர் சொல்லிக் கேட்கத்தக்க ஒரு பொறுப்பாளர் என்று எழுதி வைக்க வேண்டும். “பசுமையை நோக்கி நகர்வோம்” என்பது இலக்கு ஆகாது. “பொதுப் பயன்பாட்டு மின்சாரத்தை இரண்டு ஆண்டுகளில் கால் பங்கு குறைப்போம்” என்பது இலக்கு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் கட்டை போடுபவர் ஒருவர் தனியாக இருப்பார் அல்லவா, அதுபோல ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பொறுப்பாளர் இருந்தாக வேண்டும்.

மூன்றாம் படி: மின்சாரமும் குளிரூட்டலும்

கூரையில் சூரிய மின்தகடு பதிப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். வீணாவதைக் குறைத்த பிறகு தகடு பதித்தால் சிறிய அமைப்பே போதும், செலவும் குறையும் என்பதால், வரிசையை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். பழைய குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியேற்றுகிறது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும் இடத்தில், பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையற்ற மோட்டார் பொருத்திய விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் ஆண்டுக்கு 164 யூனிட் மிச்சமாகும். மேலே சொன்ன கற்பனை வளாகத்தில் வீட்டுக்கு இரண்டு விசிறி என மொத்தம் 400 விசிறிகளை மாற்றினால் ஏறத்தாழ 65,000 யூனிட், அதாவது வளாகத்தின் மொத்த மின்செலவில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். இவ்வளவு எளிய மாற்றம் வேறு எதிலும் கிடைப்பது கடினம். ஆயினும் திறப்பு விழா நடத்தப் பொருத்தமில்லாத வேலை என்பதாலோ என்னவோ, கூட்டங்களில் இதற்கு உற்சாகம் குறைவாகவே இருக்கிறது.

பொதுப் பயன்பாட்டில் தண்ணீர் மோட்டார், மின்தூக்கி, தெருவிளக்கு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய குதிரைத்திறன் கொண்ட மோட்டார், அடைத்துக்கொண்ட குழாய், நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டி ஆகியவை மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒருசேர வீணாக்கும். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் மிகச் சிறிய செலவு.

குளிரூட்டலில் மின்சாரத்தைத் தவிர இன்னொரு சுமையும் ஒளிந்திருக்கிறது. ஏசி இயந்திரத்திற்குள் சுழலும் குளிர்பதன வாயு காற்றில் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. ஆர்-410ஏ என்ற வாயு சுமார் 2,090 மடங்கும், ஆர்-32 சுமார் 675 மடங்கும் வலிமை கொண்டவை. ஆர்-290 எனப்படும் புரொப்பேன் ஒற்றை இலக்க மதிப்பிலேயே நிற்கிறது. ஓர் இயந்திரத்திலிருந்து ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால், அது ஒரு கார் 900 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். பழுதுபார்க்க வருபவர் பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்க வேண்டும் என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கவே 2016-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தம் ஏற்கப்பட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்தது. எனவே புதிய இயந்திரம் வாங்கும்போது மின்திறன் நட்சத்திரங்களோடு வாயுவின் பெயரையும் பார்த்து வாங்குவது முன்யோசனை. வெப்பமான இடங்களில் கூரைக்கு வெண்ணிறப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிர்ச் சாளரங்கள் ஆகியவை ஏசியின் வேலையைக் குறைக்கும். குளிரான இடங்களில் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்பு அடுக்கு இட்டு இடுக்குகளை அடைப்பதும், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தைத் தரவல்ல வெப்ப பம்புக்கு மாறுவதும் அதே பயனைத் தரும்.

இவற்றுக்குப் பிறகே சூரிய மின்தகடு. நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட் திறனுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். வெயிலைப் பொறுத்து அது நாளுக்கு மூன்று முதல் ஐந்து யூனிட் தரும். தூசி படிந்தால் உற்பத்தி குறையும் என்பதால், கழுவுவதற்கு ஆளும் நீரும் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்திற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

திறன் கூடினால் பயன்பாடும் கூடும் என்ற எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீராவி இயந்திரங்களின் திறன் உயர்ந்தபோது நிலக்கரியின் நுகர்வு குறையாமல் ஏறியதை 1865-இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். செலவு குறைந்த விளக்கை விடியும்வரை எரியவிட்டால் மாற்றியதன் பயன் போய்விடும். ஆகவே திறனை உயர்த்தும்போதே நேரக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மீட்டரையும் பொருத்திவிட வேண்டும்.

நான்காம் படி: போக்குவரத்து

பயணத்தைத் தவிர்க்க முடியுமா, தவிர்க்க முடியாததை நடை, மிதிவண்டி, பேருந்து, ரயில் ஆகியவற்றுக்கு மாற்ற முடியுமா, மாற்ற முடியாததை மேம்பட்ட வாகனத்தில் செய்ய முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்கி, பெட்ரோல் கார்களை மின்சாரக் கார்களாக மாற்றுவதோடு நின்றுவிடுகின்றன. மின்சாரக் கார் புகையைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சாலையில் அது அடைக்கும் இடமும் நிறுத்துவதற்குக் கேட்கும் இடமும் பழைய காருக்குச் சிறிதும் குறைந்தவை அல்ல.

நகர அளவில் பயன் தந்த ஏற்பாடுகள் பல கண்முன் இருக்கின்றன. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974 முதல் பேருந்துகளுக்கென்றே தனித்தடம் ஒதுக்கி, மெட்ரோ ரயிலின் வேகத்திற்கு நெருக்கமான சேவையை அதைவிடக் குறைந்த செலவில் உருவாக்கியது. சிங்கப்பூர் 1975-இலும், லண்டன் 2003-இலும் நகர மையத்திற்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்தன. புதியவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது ஸ்டாக்ஹோம் நகரத்தின் முறையை. அங்கே 2006-இல் சில மாதங்கள் முன்னோட்டமாக மட்டும் கட்டணம் விதிக்கப்பட்டது. அதற்கு முன் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். வாகனப் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை நேரில் கண்ட பிறகு, அதே ஆண்டில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள். 2007-இல் அது நிலையான ஏற்பாடாயிற்று. எதிர்ப்பு வலுவாக இருக்கும் எந்தத் திட்டத்தையும் முடிவுத் தேதி குறிப்பிட்ட முன்னோட்டமாகக் கொண்டுவந்தால், பேச்சால் நம்ப வைக்க முடியாதவர்களைப் பட்டறிவு நம்ப வைக்கும்.

சிறிய சமூகத்திற்குச் சாலைக் கட்டணம் விதிக்கும் அதிகாரம் இல்லை. எனினும் நடைபாதையை உடைசலின்றி, இடைவெளியின்றி வைப்பதும், மிதிவண்டி நிறுத்துமிடத்தை வாசலுக்கு அருகிலும் கார் நிறுத்துமிடத்தைத் தள்ளியும் அமைப்பதும், அருகிலுள்ள நிலையத்திற்கு நேரம் தவறாத சிற்றுந்து விடுவதும் அதன் கையில்தான் இருக்கின்றன. வாகனம் நிறுத்தும் இடத்தின் செலவு வீட்டு வாடகையோடும் பராமரிப்புத் தொகையோடும் கலந்திருந்தால், கார் இல்லாதவரும் கார் வைத்திருப்பவருக்காகப் பணம் கட்டுகிறார் என்று பொருள். அதைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதே பல குடும்பங்களை இரண்டாவது காரைப் பற்றி மறுபடியும் யோசிக்க வைக்கும்.

ஐந்தாம் படி: உணவும் சமையலறைக் கழிவும்

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணிப்பின்படி 2022-ஆம் ஆண்டில் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளிலேயே வீணாயிற்று. வீணாகும் உணவோடு அதை விளைவித்த நீரும் உரமும் டீசலும் சேர்ந்தே வீணாகின்றன. அது குப்பைக் கிடங்கில் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வெளியாகிறது. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவிலேயே தங்கினாலும், இருபது ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்குக்கும் மேல் வலிமையானது. விரைவில் மறையும் வாயு என்பதால், இன்று அதைக் குறைத்தால் அதன் பலனும் விரைவில் தெரியும்.

ஆகவே முதல் வேலை உரம் போடுவது அன்று, மீதமாகாமல் பார்ப்பது. பொதுச் சமையலறை, விடுதி, உணவகம் ஆகியவற்றில் தேவைக்கு அதிகமாகச் சமைத்து மீந்ததையும், தட்டில் மீந்ததையும் தனித்தனியாக எடை போட வேண்டும். சமைத்து மீந்தது கூடுதல் என்றால் கணக்கில் தவறு. தட்டில் மீந்தது கூடுதல் என்றால் பரிமாறும் அளவில் தவறு. தட்டின் அளவைச் சிறிதாக்கி, வேண்டுபவர் மறுமுறை வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தாலே எடை இறங்குவதைக் காணலாம். உண்ணத்தக்க மீதத்தை மக்களிடம் சேர்க்கும் ஏற்பாடு அடுத்தது. பிரான்ஸ் 2016-இல் இயற்றிய சட்டம், பெரிய அங்காடிகள் விற்காத நல்ல உணவை அழிப்பதற்குத் தடை விதித்து, அதை அறக்கொடை அமைப்புகளுக்கு வழங்க ஒப்பந்தம் செய்துகொள்ள வைத்தது.

எஞ்சுவதை உரமாக்குவதில்தான் பல சமூகங்கள் முதல் மாதத்திலேயே கைவிடுகின்றன, காரணம் துர்நாற்றம். துர்நாற்றத்திற்குக் காரணம் ஈரக்கழிவு மிகுதியாகவும் உலர்ந்த பொருள் குறைவாகவும் இருப்பதே. கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்யும். நடைமுறையில் ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி உலர்ந்த இலை, மரத்தூள் அல்லது கிழித்த அட்டைப் பெட்டி என்று போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே உலர்ந்த அடுக்கால் மூடிவிட வேண்டும். குவியல் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே வெப்பம் தங்கும். கையில் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் கசிய வேண்டும்; நீர் வழிந்தால் உலர்ந்த இலை சேர்க்க வேண்டும், பிடித்தது உதிர்ந்துபோனால் நீர் தெளிக்க வேண்டும். தொடங்கிய சில நாள்களில் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். வெப்பமானி இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, சில நிமிடங்கள் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் போதும். சூடாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சூடு இறங்கும்போது கிளறிவிட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, அம்மோனியா நெடி வந்தால் ஈரக்கழிவு மிஞ்சிவிட்டது. இரண்டு மூன்று மாதங்களில் கருத்துப் பொலபொலவென்று மண்வாசனையோடு உரம் தயாராகிவிடும். அந்த உரத்தை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதை முன்னரே முடிவு செய்யாவிட்டால், மூட்டைகள் மூலையில் அடுக்கிக் கிடக்கும்.

நாடு தழுவிய அளவில் தென்கொரியாவின் ஏற்பாடு படிக்கத்தக்கது. 1995-இல் குப்பையின் கொள்ளளவுக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகக் கிடங்கில் கொட்டத் தடை விதித்தது. அதன்பின் பல நகரங்களில் வீட்டு உணவுக் கழிவை எடை போட்டுக் கட்டணம் வாங்கும் பெட்டிகளை வைத்தது. வசதி, கட்டணம், தடை ஆகியவை எந்த வரிசையில் வருகின்றன என்பது எந்தச் சமூகத்திற்கும் முக்கியம்.

ஆறாம் படி: பொருள்களும் மட்காத குப்பையும்

1950 முதல் 2015 வரை உருவான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம் மட்டுமே மறுசுழற்சியானதாக 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மறுசுழற்சி என்ற சொல் தரும் நிம்மதியை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அலுமினியத்தின் நிலை வேறு: தாதுவிலிருந்து எடுப்பதைவிடப் பழையதை உருக்குவதற்கு ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்த ஆற்றலே போதும். ஆகவே எல்லாப் பொருளையும் ஒரே தட்டில் வைக்காமல், உலோகம், கண்ணாடி, காகிதம் ஆகியவற்றை முழுமையாக மீட்பதிலும், பிளாஸ்டிக்கை வாங்காமல் தவிர்ப்பதிலும் உழைப்பைச் செலுத்துவது பலன் தரும். அயர்லாந்து 2002-இல் பிளாஸ்டிக் பைக்குச் சிறிய கட்டணம் விதித்தபோது அதன் பயன்பாடு 90 சதவீதத்திற்கும் மேல் குறைந்தது. புட்டிகளுக்கு முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தரும் முறை ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் புட்டிகளுக்கும் விரிவடைந்தது. கீழே கிடப்பதற்கும் ஒரு மதிப்பு இருந்தால் யாரேனும் எடுத்துவிடுவார்கள்.

பிரித்துத் தந்த குப்பையை மக்கள் கண்முன்னே ஒரே வண்டியில் கலந்து கொட்டினால், அன்றோடு பிரிக்கும் பழக்கம் முடிந்துவிடும். எனவே வண்டியில் தடுப்பு வைத்த பிறகே வீடுகளில் இரண்டு தொட்டி வைக்கச் சொல்ல வேண்டும். மின்கலங்களைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். லித்தியம் மின்கலம் குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை முதல் நாளிலேயே நிறுத்திவிட வேண்டும், பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகிறது.

ஏழாம் படி: நீர்

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. எல்லோரும் உறங்கும் நேரத்தில், மோட்டாரை நிறுத்திவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் முதன்மை மீட்டரையும் மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். யாரும் பயன்படுத்தாத அந்த மூன்று மணி நேரத்தில் 600 லிட்டர் போயிருந்தால், நாளுக்கு 4,800 லிட்டர் மண்ணுக்குள்ளோ கழிப்பறைக் குழாயிலோ போய்க்கொண்டிருக்கிறது. கழிப்பறைத் தொட்டியில் சிறிது வண்ணப்பொடியைக் கரைத்து, அரைமணி நேரம் தொடாமல் விட்டால், கோப்பையில் நிறம் தெரிகிறதா என்பதிலிருந்து வால்வின் நிலை தெரிந்துவிடும்.

மழைநீர்க் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். வழியில் இழப்பதைக் கழித்து 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். பருவத்தின் முதல் மழையைத் தூசியோடு வெளியேற்றிவிடும் திறப்பு இல்லாத அமைப்பை ஏற்கக் கூடாது. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துத் தோட்டத்திற்கும் கழிப்பறைக்கும் விடுவது இன்று பழகிப்போன தொழில்நுட்பம். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராகவே வழங்கி வருகிறது. நெருக்கடியில் ஒரு சமூகம் எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்குக் கேப்டவுன் சான்று: 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு, அழுத்தக் குறைப்பு, உயர்த்திய கட்டணம் ஆகியவற்றால் அந்நகரத்தின் நுகர்வு 2015-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது.

எட்டாம் படி: கட்டடமும் நிலமும்

உலகக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது சுண்ணாம்புக்கல் சூளையில் சிதைவதாலேயே வெளியாவதால், எரிபொருளை மாற்றுவதால் மட்டும் தீராது. இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது முதல் வழி. புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால் உலைச்சாம்பலோ இரும்பு ஊதுலைக் கசடோ கலந்த சிமெண்டைக் கேட்பது அடுத்த வழி. நிலத்தைப் பொறுத்தவரை, மரம் நடுவதைவிட இருக்கும் சதுப்பையும் முதிர்ந்த மரங்களையும் காப்பது பெரும்பாலும் கூடுதல் பயன் தரும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் எனப்படும் கரிச்சதுப்பு நிலங்கள், உலகக் காடுகள் அனைத்தின் மரங்களிலும் உள்ளதைவிட அதிகமான கார்பனைத் தேக்கி வைத்திருக்கின்றன. கன்று நடும் திட்டம் வந்தால், முதல் மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றுவது யார் என்று கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஒன்பதாம் படி: தொடர்ந்து நடக்க வைத்தல்

மின்சாரத்திலும் நீரிலும் மிச்சமாகும் பணத்தைப் பொது வரவில் கரையவிடாமல் தனி நிதியாக வைத்து, அடுத்த மாற்றத்திற்கு அதையே முதலாக்க வேண்டும். விசிறியில் மிச்சமானது மோட்டாருக்கும், மோட்டாரில் மிச்சமானது சூரிய மின்தகட்டுக்கும் போகும். கட்டணமும் வரியும் ஏழைகளின் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்னும் என்பதால், அடிப்படைத் தேவைக்கான முதல் அளவை மலிவாக வைத்து, அதற்கு மேல் போகப்போக விகிதத்தை உயர்த்துவதே நியாயம். குப்பையை நம்பிப் பிழைக்கும் பழைய பொருள் சேகரிப்போரைப் புதிய ஏற்பாடு வெளியே தள்ளிவிடக் கூடாது. அவர்களை விலக்கிய திட்டங்களில் மீட்கப்படும் பொருளின் அளவே குறைந்துபோகும், ஏனெனில் எந்தப் பொருள் எங்கே விலைபோகும் என்பது அவர்களுக்கே தெரியும்.

மாதந்தோறும் மூன்று எண்களை மட்டும் பொது அறிவிப்புப் பலகையில் எழுதலாம்: எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ. தனிப்பட்ட வீடுகளின் பெயரைப் போட்டு வெட்கப்படுத்துவது பகையைத் தவிர வேறெதையும் வளர்க்காது. ஓராண்டு முடிந்ததும் அதே மாதங்களின் கணக்கை மறுபடி எடுத்து, குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் காலியாகக் கிடந்த வீடுகள் நிரம்பியதையே திட்டத்தின் தோல்வி என்று தவறாக எண்ணிவிட நேரும். வழக்கத்தைவிடக் கொடுமையான கோடை வந்த ஆண்டென்றால் அதையும் கணக்கேட்டின் ஓரத்தில் குறித்துவிட்டு, எஞ்சியிருப்பவற்றில் எது இப்போது பெரியது என்று கண்டுபிடித்து, இரண்டாம் ஆண்டின் முதல் கூட்டத்திற்கு அதை ஒரே பொருளாக எடுத்துச் செல்லலாம்.